ஆரோக்கியமானவர் பட்டியல்

அபர்டீன்,
2 பிப்ரவரி 1983

அன்புள்ள அக்கா,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். நீ அனுப்பிய நண்டுச்சதை மூன்றே நாளில் தீர்ந்துவிட்டது. பார்லி ரொட்டி மட்டும் மிச்சம். அதைக் கடிக்க இங்கே யாருக்கும் பல் இல்லை.

மார்ச் முதல் வாரம் மாட்டுச் சந்தைக்கு நீயும் வருவதாக டேவி அத்தான் போனில் சொன்னார். வந்தால் ஒரு மணி நேரம் உன் தலையை எனக்கு இரவல் கொடு. மருத்துவமனையின் அடித்தளத்தில் நாங்கள் கட்டிய காந்தம் ஒருவழியாக ஒழுங்காக ஓடுகிறது. ஆளை உள்ளே படுக்க வைத்து, வானொலி அலையால் மூளையில் உள்ள தண்ணீரை ஒரு தட்டுத் தட்டுகிறோம். தட்டியதும் அது தடுமாறி, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைத்தான் அளக்கிறோம். மற்ற ஊர்களில் அழகான படம் எடுக்கிறார்கள். எங்களுக்குப் படம் மட்டும் போதாது. படத்தைப் பார்த்து ஆளுக்கொன்று சொல்லலாம், எண்ணை அப்படிச் சொல்ல முடியாது.

நோயுள்ள தலைகள் வரிசையில் நிற்கின்றன. ஆரோக்கியமான தலைதான் கிடைக்கவில்லை. நோயாளியின் எண் கூடுதல் என்று சொல்வதற்கு, எதைவிடக் கூடுதல் என்று தெரிய வேண்டாமா? நாற்பது பேர் வேண்டும். இருபத்தாறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒன்பது பேர் இயற்பியல் மாணவர்கள், அவர்கள் எந்த அளவுக்கு ஆரோக்கியம் என்பதில் எனக்கே சந்தேகம். என் பட்டியலுக்கு உன்னைவிடத் திடமான ஆள் கிடைக்காது.

தினமும் காலையில் முதலில் மயில்துத்தம் கலந்த தண்ணீர் பாட்டில்களை அளந்து பார்த்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவோம். பயப்பட ஒன்றுமில்லை.

உன் தம்பி,
எர்லென்ட்


நெதர்பிக், வெஸ்ட்ரே தீவு,
9 பிப்ரவரி 1983

அன்புத் தம்பி எர்லென்ட்,

கடிதம் கிடைத்தது. மயில்துத்தம் என்றால் ஆட்டுக்குக் குளம்பு அழுகினால் நாங்கள் கரைத்து வைக்கிறோமே, அதுதானே? ஏழு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு நீயும் அதில்தான் வந்து நிற்கிறாய். டேவியிடம் சொன்னேன். "ஆட்டுக்கு கால், அவனுக்கு தல, அவ்ளோதான் வித்தியாசம்" என்றார்.

வருகிறேன். தலை மட்டும் போதும் என்றால் உடம்பை இங்கேயே விட்டுவிட்டு வரலாம், அவ்வளவு வேலை கிடக்கிறது. பன்னிரண்டு மாடுகள் ஈன நிற்கின்றன. டேவி விடிந்தால் நண்டுப் படகில் போய்விடுகிறார். மாடு, ஆடு எல்லாம் என் தலையில்தான், அந்தத் தலையை நீ கேட்கிறாய்.

ஒரு சேதி. பக்கத்துப் பண்ணை ஜேம்ஸ் ரென்டல் வயதாகிவிட்டது என்று நிலத்தை விடப் போகிறார். நாங்கள் எடுத்துக்கொண்டால் மந்தை இரண்டு மடங்காகும். மே இருபத்தெட்டில் கையெழுத்து. இப்போதே எனக்குக் கனவெல்லாம் வேலிக்கால்தான்.

காற்று நான்கு நாளாக நிற்கவில்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடு. போன தடவை வந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது.

அக்கா,
தோரா


அபர்டீன்,
14 மார்ச் 1983

அன்புள்ள அக்கா,

பத்திரமாக ஊர் சேர்ந்தீர்கள் என்று அத்தான் போன் செய்தார். கப்பலில் ரொம்ப அவதிப்பட்டாயாமே.

நீ வந்தது பெரிய உதவி. ஆனால் ஒரு சின்னத் தொல்லை. அன்றைக்குக் காந்தம் சூடாகிவிட்டது. அதனால் உன் அளவு சரியாக விழவில்லை. இன்னொரு முறை வர முடியுமா? கப்பல் வேண்டாம், விமானத்தில் வா, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஏப்ரலில் வந்தால் நல்லது. மே வரைக்கும் தள்ள வேண்டாம்.

ரென்டல் நிலம் எந்த அளவில் இருக்கிறது? அவசரப்பட வேண்டியதில்லையே? இன்னும் ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தாலும் நிலம் எங்கேயும் போய்விடாது. உன் உடம்பையும் பார்க்க வேண்டும் அல்லவா, நீ ஒருத்தி எவ்வளவுதான் செய்வாய்?

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

உன் தம்பி,
எர்லென்ட்


நெதர்பிக்,
22 மார்ச் 1983

எர்லென்ட்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் உடம்பைப் பற்றி நீ முப்பது வருடத்தில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நிலத்தைப் பற்றியும் கேட்டதில்லை. இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டிருக்கிறாய்.

அன்றைக்குக் காந்தம் சூடாகவில்லை. நான் எழுந்து வந்த பிறகு உன்னோடு வேலை செய்யும் அந்தச் செம்பட்டைத் தலைப் பெண் பாட்டில்களைத் திரும்ப அளந்தாள். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று உன்னிடம் சொன்னதை நான் கேட்டேன். அப்போது நீ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வாசல் வரை வந்து வழியனுப்பினாய், வாசலைத் தாண்டியும் வந்தாய். பேருந்து நிறுத்தம் வரை வந்தாய். நீ யாரையும் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவிடுகிற ஆள் இல்லை.

இங்கே பதினொரு கன்று பிறந்து, பத்து பிழைத்திருக்கின்றன. நாளைக்கு ஒன்று ஈனும். நான் வருவதற்கில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் எழுது. என் தலையில் என்ன பார்த்தாய்?

போனில் சொல்லாதே. போன் வாசல் நடையில் இருக்கிறது, வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்பார்கள். எழுது.

தோரா


அபர்டீன்,
30 மார்ச் 1983

அன்புள்ள அக்கா,

இதை எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு. எழுதுகிறேன்.

மூளையின் உட்பகுதியில் வெள்ளையாக இருக்கும் இடம் நரம்புக் கம்பிகள் ஓடும் இடம். ஒவ்வொரு கம்பிக்கும் மேலே கொழுப்பால் ஆன உறை உண்டு. அந்த உறைகளுக்கு நடுவே தண்ணீர் நெருக்கடியில் இருப்பதால் தட்டியதும் சீக்கிரம் நிலைக்கு வந்துவிடும். ஒரு வினாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இருநூற்று நாற்பது, எங்கள் இயந்திரத்தில். இருபத்தாறு பேருக்கும் இருநூற்று முப்பதிலிருந்து இருநூற்று ஐம்பதுக்குள்தான் இருந்தது. உனக்கும் பெரும்பாலான இடங்களில் அதேதான். மூன்று இடங்களில் மட்டும் இல்லை. அங்கே முந்நூற்று நாற்பது, முந்நூற்று ஐம்பது, முந்நூற்று எழுபது. ஒவ்வொன்றும் ஒரு பட்டாணி அளவு. உறை சிதைந்தோ, வீக்கத்தால் தண்ணீர் சேர்ந்தோ இருந்தால் எண் இப்படி ஏறும்.

முதலில் இயந்திரத்தைத்தான் நம்பவில்லை. பாட்டில்கள் சரி. அறையின் வெப்பம் சரி. அடுத்த நாள் நானே உள்ளே படுத்தேன், எனக்கு ஒன்றுமில்லை. எங்கள் பேராசிரியர் லாமண்டிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வெகு நேரம் பார்த்தார். "நம்ம மெஷினுக்கு வயசு ரெண்டு. அது சொல்றத வச்சு ஒருத்தங்க வாழ்க்கைய நீ எழுதிடாத. அவங்க வைத்தியத்துக்கு வரல, உதவிக்கு வந்தாங்க" என்றார். அது எங்கள் அக்கா என்றேன். "அப்ப இன்னும் ஜாஸ்தி வாய மூடிக்கணும்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை, அக்கா. அவர் சொல்வதில் நியாயம் உண்டு. இந்த எண் இருந்தால் இந்த நோய் என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் இந்த உறைகள் சிதையும் நோயான மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் உள்ளவர்கள் பதினான்கு பேரை அளந்திருக்கிறோம். அவர்களிடம் இதே இடங்களில் இதே எண்களைத்தான் பார்த்தோம்.

மே இருபத்தெட்டுக்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். நேரில் சொல்லத்தான் வரச் சொன்னேன். பொய் சொல்லி வரச் சொன்னது தப்பு.

எர்லென்ட்


நெதர்பிக்,
11 ஏப்ரல் 1983

எர்லென்ட்,

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் எண்ணைத் தாங்குவேன். காந்தம் சூடாகிவிட்டது என்று எழுதினாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் என்ன, கண்ணாடிப் பாத்திரமா? வயிற்றுக்குள் திரும்பிக் கிடக்கும் கன்றைத் தோள்வரை கைவிட்டு இழுக்கிறவள் நான். இனிமேல் எனக்கு எழுதுவதென்றால் முதல் வரியில் எண்ணைப் போடு. காற்று, கப்பல், சாப்பாடு எல்லாம் பிறகு.

இப்போது என் பங்கு. நானும் பொய் சொன்னேன்.

இரண்டு வருடம் முன்பு அக்டோபரில் என் வலது கண் மங்கியது. ஐந்து வாரம். கண்ணை அசைத்தால் வலி. டேவியின் சிவப்புக் கம்பளிச் சட்டை அந்தக் கண்ணுக்கு வெளுத்த செங்கல் மாதிரி தெரிந்தது. ஒரு டாக்டர் களைப்பு என்றார். கண் திரும்பி வந்தது. போன குளிர்காலத்தில் இடது காலில் முழங்காலுக்குக் கீழே வெந்நீரின் சூடு தெரியவில்லை. வேறொரு டாக்டரிடம் போனேன். என்ன சொன்னார் தெரியுமா? "கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்த இல்ல. மனசுல இருக்கிறது கால்ல இறங்குது. எதுலயாவது மனச செலுத்துங்க." நாற்பது மாட்டை வைத்துக்கொண்டிருக்கிறவளிடம் சொல்கிறார்.

அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. உன் தாளில் 'ஏதாவது நோய் உண்டா, அறிகுறி உண்டா' என்று கேட்டிருந்தாய். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'உண்டு' என்று எழுதினால் ஆரோக்கியமானவர்கள் பட்டியலில் என்னைச் சேர்த்திருக்க மாட்டாய், உள்ளேயும் விட்டிருக்க மாட்டாய். நான் வந்தது உனக்கு உதவ இல்லை. மனதைப் பற்றிப் பேசாத ஒன்றிடம் என்னைக் காட்டத்தான் வந்தேன்.

உன் கடிதம் வந்த அன்று மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். பயம் பிறகு வந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் முதலில் வந்த அழுகை பயத்தால் இல்லை. என் கால் பொய் சொல்லவில்லை, நானும் இட்டுக்கட்டவில்லை. ஒரு பட்டாணி அளவுக்கு, மூன்று இடத்தில், முந்நூற்று எழுபது வரைக்கும் அது உண்மை. அது போதும் என்று இருந்தது.

டேவியிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கெட்டிலை அடுப்பில் வைத்து, அது கொதித்து முடிந்த பிறகும் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார். "இத்தன நாளா தனியா வச்சிருந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

சரியான டாக்டர் ஒருவரிடம் ஏற்பாடு செய். வருகிறேன். உன் பேராசிரியரிடம் போய் நீ செய்ததையும் சொல்லிவிடு. அவருக்கு வேறு யார் வழியாகவாவது தெரிந்தால் அசிங்கம்.

தோரா


அபர்டீன்,
19 ஏப்ரல் 1983

அன்புள்ள அக்கா,

மே 9, திங்கட்கிழமை, காலை பத்து மணி. நரம்பியல் டாக்டர் மில்ன். ஒரு வாரம் தங்க வேண்டும். முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பார்கள், வலிக்கும். நீ கேட்டபடி முதல் வரியிலேயே போட்டுவிட்டேன்.

லாமண்டிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. இயந்திர அறையின் சாவியை வாங்கி மேஜைக்குள் போட்டுக்கொண்டார். ஐந்து நாள் நான் பாட்டில் கழுவினேன். நேற்று நீ தாளில் பொய் எழுதியதையும், அதற்குக் காரணமான டாக்டரின் பேச்சையும் சொன்னேன். அவர் சொன்னார்: "உங்க அக்கா பொய் சொன்னாங்க. நீ பொய் சொன்ன. நான் வாய மூடுன்னேன். மூணு பேருமா சேர்ந்து ஒரு நல்ல ஆய்வ கெடுத்திருக்கோம். எங்க தப்புன்னு கண்டுபிடி."

இன்று காலை அவரே தாளை மாற்றி எழுதினார். கடைசியில் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது: எதிர்பாராமல் ஏதாவது தென்பட்டால் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றால், நாங்கள் சொல்ல மாட்டோம், ஒரு டாக்டர் உட்கார்ந்து சொல்வார். எனக்குச் சாவி திரும்பி வந்துவிட்டது.

ஆரோக்கியமானவர் பட்டியலிலிருந்து உன்னை எடுத்துவிட்டேன்.

உன் தம்பி,
எர்லென்ட்


நெதர்பிக்,
30 மே 1983

அன்புத் தம்பி,

வார்டில் நீ தினமும் வந்து உட்கார்ந்திருந்தாய், அதனால் டாக்டர் சொன்னதைத் திரும்ப எழுதவில்லை. பெயர் வைத்தாகிவிட்டது, நீ நினைத்த பெயர்தான். மில்ன் நல்ல மனிதர். என் கண் மங்கிய மாதத்தைக்கூட எழுதி வைத்துக்கொண்டார். எத்தனை வருடம் நடப்பேன் என்று கேட்டதற்கு, "தெரியாது. தெரியும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க" என்றார். அந்தப் பதிலோடுதான் ஊர் திரும்பினேன்.

இங்கே வந்ததும், ரென்டல் நிலம் வேண்டாம் என்றார் டேவி. நான்கு நாள் வீட்டில் பேச்சில்லை. ஐந்தாம் நாள் காலை படகுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார். "உன் காலு போயிடுச்சுன்னா எண்பது மாட்ட யார் பாக்குறது?" நான் கேட்டேன், "நீ ஒருநாள் திரும்பி வரலன்னா நாற்பத யார் பாக்குறது? அதுக்காக உன்ன ஒரு நாளாவது கரையில கட்டிப் போட்டேனா?" அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அன்று படகு போகவில்லை.

நேற்று முன்தினம் கையெழுத்துப் போட்டோம், இரண்டு பேர் பெயரிலும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அவர் கடலுக்குப் போக மாட்டார். ஹெலன் ட்ரெவர் வேலைக்கு வருகிறாள், மாடு பழக்குவதில் என்னைவிடக் கெட்டிக்காரி. தெற்கு வயலை மட்டும் ரென்டலின் மருமகனுக்கே விட்டுவிட்டோம், அது மேடு. மேடு எனக்கு இனிமேல் வேண்டாம்.

கால் இன்றைக்கு நன்றாக இருக்கிறது. நாளைக்கு எப்படியோ.

அக்கா,
தோரா


அபர்டீன்,
6 பிப்ரவரி 1984

அன்புள்ள அக்கா,

முந்நூற்று எழுபது இப்போது முந்நூறு, போன வாரம் உன்னைத் திரும்ப அளந்ததில். முந்நூற்று ஐம்பது இப்போது முந்நூற்று நாற்பத்தைந்து. ஐந்து ஏறுவதும் இறங்குவதும் இயந்திரத்தின் தடுமாற்றம், அதைக் கணக்கில் எடுக்காதே. முந்நூற்று நாற்பது அப்படியே நிற்கிறது. புதிதாக ஒன்று வந்திருக்கிறது, வலப்பக்கம், சிறியது, முந்நூற்றுத் தொண்ணூறு. டாக்டர் மில்னிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன், உன்னிடம் நேரில் பேசுவார். நானும் எழுதலாம் என்று அவரே சொன்னார்.

முந்நூற்று எழுபது முந்நூறானது குணமா என்று கேட்பாய். தெரியாது. வீக்கம் வடிந்தாலும் எண் இறங்கும், உறை திரும்ப வளர்ந்தாலும் இறங்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்த ஒரு எண்ணால் முடியாது. அதைப் பிரிக்கும் வழியைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன், வேறு வேலை எதுவும் ஓடவில்லை. கிடைக்கும், அக்கா. சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை.

கண் மங்கியபோது நீ இங்கே வந்திருந்தால் எத்தனை இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைக்கிறேன். ஒரே ஆளை வருடாவருடம் அளந்தால்தான் இந்த நோய் நடக்கிற நடை தெரியும். நம் தீவுகளில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு இது இருக்கிறது. அங்கிருந்து ஆட்கள் வந்தால், நோயுள்ளவர்களும் இல்லாதவர்களும், நாங்கள் எங்கேயோ போய்விடுவோம் என்கிறார் லாமண்ட். ஆனால் உன் பெயரைச் சொல்லி அங்கே யாரையும் கேட்க மாட்டேன். அது உன் விஷயம்.

உன் தம்பி,
எர்லென்ட்


நெதர்பிக்,
4 மார்ச் 1984

அன்புத் தம்பி,

பன்னிரண்டு பேர்.

நீ கேட்க மாட்டேன் என்றாய், அதனால் நான் கேட்டேன். போன ஞாயிறு ஊர்க் கூடத்தில் தேநீருக்கு எல்லோரும் இருந்தார்கள். எழுந்து நின்றேன். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன், இந்த வாரம் கால் சரியில்லை. என் தலையில் நான்கு இடம் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். பாதிப் பேருக்குத் தெரியாது, மீதிப் பேர் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்கள். மயில்துத்தப் பாட்டிலைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார்கள். பிறகு ஒருவர் எழுந்து, தன் அண்ணனுக்கு இதுதான் என்றார். இன்னொருத்தி, தன் அம்மாவுக்கு என்றாள். தங்கள் வீட்டில் மட்டும்தான் என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 16 கப்பலில் வருகிறோம். நோயுள்ளவர்கள் நான்கு பேர், என்னையும் சேர்த்து. மற்ற எட்டுப் பேரும் கூடப் பிறந்தவர்களும் அக்கம்பக்கமும். அந்த எட்டில் டேவியும் ஒருவர். அவர் தலை கொஞ்சம் பெரிது, பார்த்துக்கொள். நீ அனுப்பிய தாளை எல்லோரும் நிரப்பி என்னிடம் கொடுத்துவிட்டார்கள். இந்தத் தடவை யாரும் பொய் எழுதவில்லை, நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

கடைசிக் கேள்விக்குப் பதினொரு பேர் 'சொல்லுங்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். தபால் நிலையத்து ஜெஸ்ஸி லிங்க்லேட்டர் மட்டும் 'வேண்டாம்'. அவளுடைய இரண்டு அண்ணன்களுக்கும் இருந்தது, உனக்குத் தெரியும். "தெரிஞ்சுக்க வேணாம்னா எதுக்கு வர்ற?" என்று கேட்டேன். "எனக்கு வேணாம், தோரா. உங்க எல்லாருக்கும் வேணுமில்ல?" என்றாள்.

அவளுடைய எண் எதுவாக இருந்தாலும் அவளுக்குத் தெரியக் கூடாது. உன் முகம் எதையும் மறைக்காது, நான் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தவள். அதனால் ஜெஸ்ஸியை அளக்கும் நாளில் நீ அந்த அறையில் இருக்காதே. அந்தச் செம்பட்டைத் தலைப் பெண் அளக்கட்டும். நீ வெளியே வந்து என்னோடு உட்கார்.

உன் அக்கா,
தோரா